ஒரு மூடி பினாயில்

வீட்டைத் துடைப்பது வேறு, வீடு துடைத்த வாசனை வருவது வேறு என்பதைத் தமிழ்வாணி கண்டுபிடித்துப் பதினோரு நாளாகியிருந்தது. துடைக்க வேண்டுமென்றால் வாளி வேண்டும், மாப் வேண்டும், முக்கால் மணி நேரம் வேண்டும், எல்லாவற்றுக்கும் மேலாக ஒரே சமயத்தில் தூங்குகிற இரண்டு பிள்ளைகள் வேண்டும். வாசனைக்கு ஒரு மூடி பினாயில் போதும். வாசற்படியில் பாதி, பாத்ரூம் கதவோரம் பாதி. தெளித்துவிட்டு ஃபேனை ஐந்தில் வைத்தால் வீடே கமகமவென்று ஆகிவிடும். கண்ணை மூடிக்கொண்டு வருகிறவர்கள் பாராட்டாமல் போகமாட்டார்கள்.

கண்ணைத் திறந்தால்தான் சிக்கல். முதலில் நான்கு வயது முத்துமீனாவுக்குக் காய்ச்சல் வந்தது. அவளுக்கு விட்டதும் ஒன்றரை வயது பீமாராவுக்கு வந்தது. பெயர்தான் அம்புட்டுப் பெரிசு; ஆள் ஒரு கைப்பிடி. அந்தக் கைப்பிடி நாலு நாள் இடுப்பை விட்டு இறங்கவில்லை. துவைத்த துணியெல்லாம் நாற்காலியில் ஏறி, நாற்காலியே காணாமல் போனது. புருஷன் சுருளி அதற்கு யானைமலை என்று பெயர் வைத்திருந்தான். விடிகாலையில் மலையிலிருந்து ஒரு சட்டையை உருவி, உதறிப் போட்டுக்கொண்டு, கப்பலூர் பிளாஸ்டிக் கம்பெனிக்கு முதல் ஷிப்டுக்குக் கிளம்பிவிடுவான். சிங்க்கில் பாத்திரம் ஒன்றன்மேல் ஒன்றாக நின்றது. எதை உருவினாலும் மொத்தமும் சரியும் என்பதால் தமிழ்வாணி மேலே இருப்பதை மட்டும் கழுவி, அதிலேயே சமைத்து, அதையே திரும்ப மேலே வைத்துக்கொண்டிருந்தாள்.

இதெல்லாம் எல்லா வீட்டிலும் நடப்பதுதான் என்று அவளுக்கும் தெரியும். ஆனால் எல்லா வீட்டுக்கும் மாடியில் ஸ்ரீலட்சுமி கிடையாதே.

ஆனையூரில் வாடகைக்கு வீடு தேடியபோது பதினாலு வீடு பார்த்தார்கள். சில இடங்களில் ‘நீங்க என்ன ஆளுக?’ என்று நேராகவே கேட்டார்கள். சில இடங்களில் சொந்த ஊர் எது, ஊரில் எந்தத் தெரு, எந்தக் கோயில் என்று சுற்றிவந்து கேட்டார்கள். பதில் சொன்ன மாத்திரத்தில், வீடு நேற்றே வேறு யாருக்கோ பேசி முடிந்துவிட்டது எல்லா வீட்டுக்காரர்களுக்கும் ஞாபகம் வந்தது. பதினைந்தாவது வீட்டில், சௌராஷ்டிரா அம்மா ஸ்ரீலட்சுமி மட்டும் அதையெல்லாம் கேட்கவில்லை. “வீட்டைச் சுத்தமா வச்சுக்குவியாம்மா?” என்றுதான் கேட்டார். யார் வந்தாலும் கேட்கிற கேள்விதான். ஆனாலும் அது தமிழ்வாணியின் வயிற்றில் போய் உட்கார்ந்துகொண்டது. சுத்தமில்லை என்ற ஒரு சொல் அந்த அம்மாவின் வாயிலிருந்து வந்துவிட்டால், அது இந்த யானைமலையைப் பற்றிய சொல்லாக மட்டும் நிற்காது என்பது அவளுக்குத் தெரியும்.

போதாததற்கு, போன வாரத்திலிருந்து ஓனரம்மா இவள் வாசலைக் கடக்கும்போது சேலை முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு போனார். தமிழ்வாணி ஜன்னல் வழியே அதைப் பார்த்தாள். மறுநாளிலிருந்து மூடியை விளிம்பு தளும்ப நிரப்பினாள்.

அந்தச் சனிக்கிழமை காலை மாடிப்படியிலிருந்து குரல் வந்தது.

“வாணி, பாத்ரூம் குழாய் ஒழுகுதுன்னியேம்மா, பத்து மணிக்கு வந்து பாக்குறேன்.”

“சரிங்கம்மா, வாங்கம்மா!” என்றாள் தமிழ்வாணி, வீட்டில் எல்லாமே அலங்கரித்து வைத்திருப்பதுபோல.

மணி ஒன்பதே முக்கால். யானைமலையைப் போர்வையால் மூடினாள். சிங்க்கின்மேல் சோற்றுத் தட்டைக் கவிழ்த்தாள். பினாயிலை எடுத்தாள். தெருவில் மைக் கட்டிக்கொண்டு வருகிற மூன்று சக்கர வண்டியில் வாங்கியது. சொந்தப் பாட்டில் கொண்டுபோனால்தான் ஊற்றுவார்கள். அவள் கொண்டுபோனது மாம்பழ ஜூஸ் பாட்டில். பினாயிலும் எலுமிச்சை வாசனைக்காரப் பினாயில், மஞ்சள் நிறம். வாசலில் பாதி மூடி தெளித்தாள். பாத்ரூம் பக்கம் திரும்பும்போது அடுப்பில் பால் பொங்கிற்று. பாட்டிலைத் தரையில் வைத்தாள். மூடி கையிலேயே இருந்தது. அடுப்பை அணைத்தாள். வழிந்த பாலை ஓனரம்மா பார்த்துவிடக் கூடாதென்று மேடையை ஒருமுறை, இருமுறை, மூலைகூட விடாமல் துடைத்தாள். பதினோரு நாளில் அவள் உருப்படியாகத் துடைத்த ஒரே இடம் அதுதான்.

திரும்பி வந்தபோது பீமாராவ் ஹாலில் உட்கார்ந்திருந்தான். மடியில் பாட்டில். சட்டை முன்பக்கம் நனைந்திருந்தது. உதடு பளபளத்தது. அம்மாவைப் பார்த்துச் சிரித்தான்.

தமிழ்வாணிக்குக் காது அடைத்துக்கொண்டது. ஃபேன் சத்தம் நின்றுபோனது. பாட்டிலைத் தூக்கினாள். அடியில் ஒரு விரல்கடை மஞ்சள் மிச்சமிருந்தது.

“மீனா! தம்பி இதைக் குடிச்சானா?”

கட்டிலோரம் நின்ற முத்துமீனா அம்மாவின் முகத்தைப் பார்த்துவிட்டு அழுவதற்கு உதட்டைப் பிதுக்கினாள். “குடிச்சான்.”

“எம்புட்டுடி குடிச்சான்?”

“ஃபுல்லா.”

பிள்ளையின் வாயை மோந்து பார்த்தாள். பினாயில் வாசனை. அவள் கையிலும் பினாயில் வாசனை. வாசலில், சுவரில், திரைச்சீலையில், பதினோரு நாளாக அவளே பார்த்துப் பார்த்து ஏற்றிய வாசனை. பிள்ளையின் வாயிலிருந்து வருவது எது, வீட்டிலிருந்து வருவது எது என்று அவளால் பிரிக்க முடியவில்லை.

அந்த நேரம் பார்த்துத்தான் ஸ்ரீலட்சுமி உள்ளே வந்தார், மூக்கில் முந்தானையோடு. தரையில் மண்டியிட்டிருந்த தமிழ்வாணியையும் பாட்டிலையும் பிள்ளையையும் பார்த்த நொடியில் முந்தானை கீழே விழுந்தது.

“அய்யோ, குடிச்சுட்டானா? உப்பைக் கரைச்சு ஊத்து! வாந்தி எடுக்கட்டும்!”

தமிழ்வாணி அடுக்களைக்கு ஓடினாள். உப்பு இருந்தது. டம்ளர் இல்லை. தட்டைத் தூக்கி எறிந்துவிட்டு ஒரு டம்ளரை இழுத்தாள். அதில் மூன்று நாள் முந்தைய கஞ்சி காய்ந்திருந்தது. அடுத்ததில் எண்ணெய். மூன்றாவதை உருவியதும் அடுக்கு மொத்தமும் சரிந்து தரையெல்லாம் பாத்திரமாக உருண்டது.

“டம்ளரு இல்லம்மா!” என்று அலறினாள். ஒரு குடித்தனக்காரியிடமிருந்து இப்படியொரு அலறலை ஸ்ரீலட்சுமி கேட்டிருக்கமாட்டார்.

“விடு, விடு! ஆஸ்பத்திரிக்குப் போயிரலாம். வண்டிச் சாவி எங்கிட்டதான் இருக்கு. வா!”

ஸ்ரீலட்சுமிக்கு ஐம்பத்திரண்டு வயது. அவருடைய ஸ்கூட்டியை முந்திக்கொண்டு சைக்கிள்கள் போகும். அன்றைக்கு முன்னால் முத்துமீனா நிற்க, பின்னால் தமிழ்வாணி பிள்ளையை நெஞ்சோடு அமுக்கிக்கொண்டு உட்கார, ஸ்பீடு பிரேக்கர்மேல் வண்டி பறந்தது. தமிழ்வாணி ஒரு கையால் சுருளிக்கு அடித்துக்கொண்டே இருந்தாள். கம்பெனியில் போனை லாக்கரில் வைத்துவிட்டுத்தான் மிஷினுக்குப் போக வேண்டும். மணி அடித்து அடித்து ஓய்ந்தது. பீமாராவ் ஒருமுறை இருமினான். அந்த இருமல் அவள் முதுகுத்தண்டில் இறங்கிற்று.

“பேசிக்கிட்டே இரு, தூங்க விடாத!” என்று முன்னாலிருந்து கத்தினார் ஸ்ரீலட்சுமி.

“பீமா, காக்கா பாரு… பஸ் பாரு… எஞ் சாமி, கண்ணைத் தொறடா…”

குழந்தைகள் ஆஸ்பத்திரியில் டாக்டர் சுந்தரவல்லி பிள்ளையின் வாயில் டார்ச் அடித்துப் பார்த்தார். நெஞ்சில் ஸ்டெத்தை வைத்தார். அவர் புருவம் அசைகிறதா என்பதையே தமிழ்வாணி பார்த்துக்கொண்டிருந்தாள்.

“வாந்தி எடுக்க வச்சீங்களா?”

“இல்லங்க டாக்டர். கழுவுன டம்ளரு இல்ல.”

டாக்டர் நிமிர்ந்து பார்த்தார். “நல்லதாப் போச்சு. பினாயில் குடிச்ச பிள்ளைய வாந்தி எடுக்க வைக்கவே கூடாது. நெஞ்சுக்குள்ள ஏறிடும். அதுதான் ஆபத்து.” அழுக்குப் பாத்திரம் ஓர் உயிரைக் காப்பாற்றியதை நினைத்து ஆறுதல்பட அவளுக்கு நேரமில்லை. அடுத்த கேள்வி வந்துவிட்டது. “பாட்டில்ல எவ்வளவு இருந்துச்சு? எவ்வளவு குறையுது?”

தமிழ்வாணி வாயைத் திறப்பதற்குள் ஸ்ரீலட்சுமி முந்திக்கொண்டார்.

“பாட்டில் தீந்துபோற மாதிரிதான் இருந்திருக்கும் டாக்டர். இந்தப் பொண்ணு டெய்லி வீடு தொடைக்கும். ஒருநாள் விடாது. காலையில எந்திரிச்சா வாசனை மாடி வரைக்கும் வரும். அம்புட்டு சுத்தம்!”

“அப்படியா? புது பாட்டில் இல்லையே?”

“பதினோரு நாளாச்சு வாங்கி” என்றாள் தமிழ்வாணி. குரல் அவளுடையதாக இல்லை.

“தினமும் துடைச்சா முடியிற நேரந்தான். அடியில கிடந்ததை உதட்டுல வச்சிருப்பான். வாயிலயும் புண்ணு இல்ல.” டாக்டர் பேனாவை எடுத்தார். “ஒரு மணி நேரம் உக்காருங்க. பாத்துட்டு அனுப்பிடுறேன்.”

எத்தனை நாளாக அவள் ஏங்கிய நற்சான்று! அதுவும் ஓனரம்மா வாயால், ஒரு டாக்டருக்கு முன்னால். அந்தச் சான்றிதழைக் கையில் வாங்கிக்கொண்டு ஒரு மணி நேரத்தில் வீட்டுக்குப் போய்விடலாம். ஆனால் பதினோரு நாளுக்குப் பதினோரு மூடி. மூடி என்ன, ஒரு மடக்குக்கூட இல்லை. பாட்டிலில் முக்காலுக்குமேல் இருந்திருக்க வேண்டும். விரல்கடைதான் இருந்தது. மிச்சம் எங்கே? ஹாலில் கொட்டிய ஈரம் ஒரு கை அகலம்தான் இருந்தது. மிச்சம் எங்கே?

பீமாராவ் மறுபடி இருமினான்.

“டாக்டர்” என்றாள். “நான் வீடு தொடைச்சு பதினோரு நாளாச்சு.”

டாக்டரின் பேனா நின்றது.

“தொடைக்கல டாக்டர். வாசனைக்குத் தெளிப்பேன். ஒரு நாளைக்கு ஒரு மூடி. தொடைச்ச மாதிரி இருக்கட்டுமேன்னு. முக்கால் பாட்டில் இருந்திருக்கணும். இப்ப ஒரு விரக்கடைதான் இருக்கு. எம்புட்டு உள்ள போச்சுன்னு எனக்குத் தெரியல டாக்டர். எனக்குத் தெரியல.”

அவள் ஓனரம்மா இருந்த பக்கம் திரும்பவே இல்லை. டாக்டர் எழுந்துவிட்டார். “சிஸ்டர்! எக்ஸ்ரே ரூமுக்குத் தூக்குங்க. கால்ல புரோப் மாட்டுங்க. லைன் போட்டுடுங்க.” பிறகு இவளிடம், குரலைத் தாழ்த்தி, “இவ்வளவையும் குடிச்சிருக்கமாட்டான், குடிக்கவும் முடியாது. ஆனா ரெண்டு மடக்கு மூச்சுக்குழாயில போயிருந்தாலும் மணிக்கணக்கு கழிச்சுத்தான் காட்டும். ஆறு மணி நேரம் இங்கேயே இருக்கணும். சொன்னீங்களே, அது நல்லதாப் போச்சு.”

ஊசி குத்தியபோது பிள்ளை வீரிட்டான். அழுகிறவரை மூச்சு இருக்கிறது என்று தமிழ்வாணி பிடித்துக்கொண்டு நின்றாள். அதற்குப்பின் அவன் களைத்துக் கண்ணைச் சொருகினான். அவன் தினமும் தூங்குகிற நேரம் அதுதான். ஆனால் இது தூக்கமா, வேறெதுவுமா? அரை மணிக்கு ஒருமுறை எழுப்பிப் பார்க்கச் சொன்னாள் நர்ஸ். ஒன்றரை வருடமாக அவனைத் தூங்கவைக்கத் தொட்டிலாட்டி, தோளில் போட்டு நடந்து, மிக்ஸியைக்கூட ஓடவிட்டுப் பார்த்தவள், இப்போது தூங்குகிறவனின் உள்ளங்காலைச் சுண்டிச் சுண்டி எழுப்பினாள். ஒவ்வொரு தடவையும் அவன் முகம் சுளித்து அழும் வரையில் அவளுக்கு உயிர் வரவில்லை.

எக்ஸ்ரேயில் இப்போதைக்கு ஒன்றும் தெரியவில்லை என்றார்கள். இப்போதைக்கு என்ற சொல் அவள் தலைக்குள் சுற்றிற்று.

ஸ்ரீலட்சுமி கட்டிலின் மறுபக்கம் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார்.

“அப்ப, தொடைக்கவே இல்லையா?” என்றார்.

“இல்லம்மா.”

“அந்த வாசனை?”

“நீங்க மூக்கைப் பொத்திக்கிட்டு போறதப் பாத்தேன்மா. வீடு நாறுதுன்னுதான்… நாளைக்கு வீட்டைக் காலி பண்ணச் சொல்லிட்டா நாங்க எங்க போவோம்?”

ஸ்ரீலட்சுமி தலையில் கை வைத்துக்கொண்டார். “எனக்கு வீசிங் இருக்குடி. பினாயில் வாடையே ஆகாது. நீ தெளிக்கத் தெளிக்க நான் ராத்திரியெல்லாம் மூச்சு வாங்கிக்கிட்டு உக்காந்திருந்தேன்.”

“சொல்லியிருக்கலாம்லம்மா!”

“எப்படிச் சொல்றது? நீ இம்புட்டு சுத்தமா வச்சிருக்கேன்னு நினைச்சேன். அதப் போயி வாடை அடிக்குதுன்னு நான் சொன்னா, நீ வேற மாதிரி எடுத்துக்கிட்டா?”

அந்த ‘வேற மாதிரி’ என்ன என்று இருவருக்கும் தெரியும். இருவரும் பிள்ளையின் காலைப் பார்த்தார்கள். கட்டைவிரலில் மாட்டிய, ஆக்ஸிஜன் அளக்கும் புரோப் சிவப்பாக மின்னிக்கொண்டிருந்தது. வேறு சமயமாக இருந்தால் தமிழ்வாணிக்குச் சிரிப்பு வந்திருக்கும். நான் பயந்து தெளிக்க, நீங்கள் பயந்து மூச்சடக்க, நடுவில் பினாயில்காரர் மட்டும் பிழைத்துக்கொண்டார் என்று சொல்லியிருப்பாள்.

பன்னிரண்டரைக்குச் சாப்பாட்டு இடைவேளையில் சுருளி கூப்பிட்டான்.

“என்ன புள்ள, இருவது மிஸ்டு கால்?”

அவள் சொன்னாள். “நீ அப்ப என்ன செஞ்சுக்கிட்டிருந்த?” என்றான்.

கேட்பான் என்று தெரியும். இனி எல்லோரும் கேட்பார்கள். “பால் பொங்குச்சு” என்றாள்.

அவன் சட்டென்று, “சரி சரி, அழாத. மாத்து ஆளு வந்ததும் கிளம்பிடுறேன்” என்றான்.

ஸ்ரீலட்சுமி வாங்கி வந்த பன்னைத் தின்றுகொண்டிருந்த முத்துமீனாவை இழுத்து மடியில் வைத்தாள் தமிழ்வாணி.

“மீனா, அம்மா அடிக்கமாட்டேன். நெசமாச் சொல்லு. தம்பி எம்புட்டு குடிச்சான்?”

“இம்புட்டு” என்று கையை விரித்தாள். பிறகு யோசித்து, “குடிக்கல. துப்பிட்டான்” என்றாள்.

“முதல்ல ஃபுல்லான்னு சொன்ன?”

“நாந்தான் ஃபுல்லாத் தெளிச்சேன்.”

“என்னது?”

“கட்டிலுக்கு அடில தெளிச்சேன். ஓனரம்மா வந்தா தெளிக்கணும்ல?” என்றாள் முத்துமீனா, பன்னை மென்றபடி. வீட்டு வேலையில் தான் எடுத்த பங்கைப் பற்றி அவளுக்குப் பெருமை.

தமிழ்வாணி கண்ணை மூடிக்கொண்டாள். நம்ப ஆசையாக இருந்தது. ஆனால் இதே பிள்ளைதான் நேற்று கட்டிலுக்கடியில் ஒட்டகம் இருக்கிறதென்று சாதித்தது.

ஸ்ரீலட்சுமி எழுந்தார். “சாவியக் குடு. நான் போய்ப் பாத்துட்டு வாரேன்.”

“அம்மா, வீடு…”

“தெரியும், குடு.”

அந்த வீட்டுக்குள், போர்வை சரிந்த யானைமலைக்கும் உருண்டு கிடக்கும் பாத்திரத்துக்கும் நடுவில் ஓனரம்மா தனியாக நடக்கப்போகிறார். பதினோரு நாளாக எது நடக்கக் கூடாதென்று அஞ்சினாளோ அது. சாவியைக் கொடுத்தாள். இப்போதைய பயத்தில் வீட்டுக்கென்று ஒரு துளியும் இல்லை.

முக்கால் மணி நேரம் கழித்து ஸ்ரீலட்சுமி திரும்பினார். சேலையின் முழங்கால் பக்கம் ஈரமாக, மஞ்சளாக இருந்தது. மூச்சு இரைத்தது. உட்கார்ந்து, கைப்பையிலிருந்து இன்ஹேலரை எடுத்து இரண்டு இழுப்பு இழுத்தார்.

“இருக்கு. கட்டிலுக்கடியில குளமா நிக்குது. ஒரு பொம்மை மிதக்குது. நான் வழுக்கி விழுந்தேன்.” மறுபடி மூச்சு வாங்கினார். “ஆனா மொத்தமும் அதுதானான்னு எனக்குத் தெரியல, வாணி. கொட்டினத அளக்க முடியல.”

“தெரியும்மா.”

“கட்டிலு எந்தப் பக்கம் இருக்குன்னே கால் மணி நேரம் தேடினேன்” என்றார் ஸ்ரீலட்சுமி. தமிழ்வாணி நிமிர்ந்து பார்த்தாள். அந்த முகத்தில் குறையும் இல்லை, பெரிய மன்னிப்பும் இல்லை. முழங்கால் வலிதான் இருந்தது.

நாலரைக்கு இரண்டாவது எக்ஸ்ரே எடுத்தார்கள். டாக்டர் சுந்தரவல்லி படத்தை வெளிச்சத்தில் பிடித்து, தமிழ்வாணிக்கு அரை வயது கூடுகிற அளவு நேரம் பார்த்தார்.

“நெஞ்சு தெளிவா இருக்கு. வீட்டுக்குப் போகலாம். ஆனா நாளைக்குக் காலை வரைக்கும் கவனமா இருக்கணும். மணிக்கு ஒரு தடவை மூச்சை எண்ணுங்க. நிமிஷத்துக்கு நாப்பதுக்குள்ள இருக்கணும். அதுக்கு மேல போனாலோ, நெஞ்சு உள்வாங்கினாலோ, காய்ச்சல் வந்தாலோ, யோசிக்காம தூக்கிட்டு வாங்க.”

ஆஸ்பத்திரி வாசல் பெஞ்சில் சுருளிக்காகக் காத்திருந்தார்கள். மாற்று ஆள் நாலு மணிக்குத்தான் வந்தான், இப்போது திருமங்கலம் ரோட்டில் நெரிசல், பத்து நிமிடத்தில் வந்துவிடுகிறேன் என்று அவன் மூன்றாவது தடவையாகச் சொல்லியிருந்தான். முத்துமீனா ஸ்ரீலட்சுமியின் தோளில் சாய்ந்து தூங்கிவிட்டாள். பீமாராவ் அம்மா மடியில் மல்லாந்து கிடந்தான். தமிழ்வாணி அவன் சட்டையை ஏற்றிவிட்டாள். தொப்புள் ஏறி இறங்கியது. ஸ்ரீலட்சுமி போனில் நிமிடத்தை வைத்தார். இருவரும் உதட்டை அசைத்து, அவரவர் மொழியில் எண்ணினார்கள்.

“முப்பத்தி ரெண்டு” என்றாள் தமிழ்வாணி.

“முப்பத்தெட்டு” என்றார் ஸ்ரீலட்சுமி.

இருவரும் ஒருவரையொருவர் வெறித்தார்கள்.

“நீங்க சேத்து எண்ணிட்டீங்கம்மா.”

“நீதான் விட்டுட்ட. நடுவுல ஒண்ணு சின்னதா விட்டான்ல, அதை எண்ணலியே நீ?”

“அது கொட்டாவிம்மா!”

“கொட்டாவியும் மூச்சுதானடி? ஆறு வித்தியாசம் வருது. வா, இன்னொரு தடவை எண்ணலாம்.”

தமிழ்வாணி உள்ளங்கையை அவன் வயிற்றில் லேசாக வைத்தாள். சூடாக இருந்தது, காய்ச்சல் சூடா, தூங்குகிற பிள்ளையின் சூடா என்று புறங்கையால் ஒருமுறை பார்த்தாள். பிள்ளையின் சூடுதான். பஸ் ஒன்று ஹாரன் அடித்துப் போகும் வரை பொறுத்திருந்தார்கள்.

“ம், ஆரம்பி” என்றார் ஸ்ரீலட்சுமி. “இந்தத் தடவை சத்தமா எண்ணு. ரெண்டு பேரும் சேந்து.”

“ஒண்ணு” என்றாள் தமிழ்வாணி. வயிறு இறங்கியது. அவள் காத்திருந்தாள். வயிறு ஏறியது.

“ரெண்டு.”